சுவரில் மாட்டிய ஆறு அங்குலம்

மச்சான்,

நேற்று மதியம் உன் சாப்பாட்டுக் கடையின் காய்கறி லாரி தம்போய்க்கு வந்து என் பட்டறை வாசலில் நின்றது. முட்டைக்கோஸ் கூடைகளுக்கு மேலே, கயிறு போட்டுக் கட்டி, பின்னால் சிவப்புத் துணி தொங்க, அந்த நீள ஃபைபர் துண்டு கிடந்தது. இருபது அடிக்கு மேல் நீளம். நடுவில் ஆறு அங்குல அகலம். இரண்டு நுனியிலும் மெலிந்து மெலிந்து ஒன்றுமில்லாமல் முடிகிறது. டிரைவரும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இறக்கி இரண்டு முக்காலிகளின்மேல் வைத்தோம்.

பழைய பனியனில் பெயின்ட் கரைக்கும் தின்னரைத் தொட்டுத் துடைத்தேன். ஒன்பது வருடத்து எண்ணெய்ப் புகை மஞ்சள் மஞ்சளாக வந்தது. தின்னர் வாடையையும் மீறி மீன்தலைக் கறி மணம் எழுந்தது. பட்டறையில் வேலை பார்க்கும் இருவரும் மதியச் சாப்பாடு வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. தின்னர் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

உன் மகளிடம் நான்தான் கேட்டு வாங்கினேன். நம் படகை நடுவில் பிளந்து, இந்தத் துண்டைத் திரும்ப வைத்து, பழையபடி அகலமாக்கப் போகிறேன். போன மாதம் தனியாக எடுத்துப் போய்க் கவிழ்ந்தேன், அதனால்தான். நீ இருந்தால் கடையில் நாலு பேர் முன்னிலையில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாய். இல்லாதவனிடம் அனுமதி கேட்க முடியாது. ஆனால் சொல்லாமல் செய்யவும் மனம் வரவில்லை. ஒரு தடவை உன்னிடம் சொல்லாமல் செய்துதான் இந்த ஆறு அங்குலமே பிறந்தது.

நாம் பழகியது ஒரு தண்ணீர்த் தொட்டியால். கெலாங் பாத்தாவில் உன் கடைக் கூரைமேல் ஃபைபர் தொட்டி மாட்ட வந்தவன் நான். வேலை முடிந்து கீழே இறங்கியதும் தேநீர் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, பொட்டலம் மடிக்கும் பழுப்புத் தாளில் ஒரு படம் வரைந்து காட்டினாய். முதலில் அது வெண்டைக்காய் என்று நினைத்தேன்.

"மச்சான், இதச் செஞ்சு குடுப்பியா?" என்றாய். பழகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மச்சான்.

"என்னது இது?"

"படகு. பாய்மரப் படகு. நீளம் இருவத்தி நாலு அடி. அகலம் நாலே அடி."

நான் உன்னை ஏற இறங்கப் பார்த்தேன். உனக்கே மூன்றடி அகலம் இருக்கும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு இப்படி ஒரு ஒல்லிப் படகைக் கேட்கிறாயே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு வாய்விட்டும் சொன்னேன்.

நீ கோபித்துக்கொள்ளவில்லை. பணக்காரர்கள் படகு நிறுத்தும் துறை ஒன்றுக்கு விருந்துச் சாப்பாடு கொண்டுபோன கதையைச் சொன்னாய். வெள்ளை வெள்ளையாக, குண்டு குண்டாக எத்தனையோ படகுகள், உள்ளே குளிரூட்டி, சோபா, சமையலறை. அவற்றுக்கு நடுவே பழைய மரப்படகு ஒன்று, ஒடிந்துவிடும்போல் ஒல்லியாக. "அன்னிக்குக் காத்தே இல்ல மச்சான். பாயெல்லாம் காயப்போட்ட கைலி மாதிரி தொங்குது. அத்தனையும் நிக்குது. அது மட்டும் போகுது. சத்தமே இல்லாம போகுது." இதைச் சொல்லும்போது உன் கை மேசைமேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. உன் தட்டில் கோழிப் பொரியல் ஆறிப்போனதைக்கூட நீ கவனிக்கவில்லை.

எனக்குப் புரியவில்லை. நான் செய்வதெல்லாம் தொட்டி. என் கையில் பிறந்த எல்லாமே குண்டு. அகலம் என்றால் பலம், அகலம் என்றால் நிலை என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. நீ பின்கட்டில் பாத்திரம் கழுவும் பெரிய தொட்டிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். ஒரு பெரிய வெங்காயத்தைப் பாதியாக அரிந்து மிதக்கவிட்டாய். பக்கத்தில் ஒரு வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து விட்டாய். மேசைவிசிறியைத் தொட்டி ஓரத்தில் வைத்துத் தட்டினாய். வெங்காயம் நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றியது. வெள்ளரி நேராகப் போய் அந்தப் பக்கம் முட்டியது.

"அகலமானது தண்ணியத் தள்ளிக்கிட்டுப் போகும். ஒல்லியானது தண்ணிகிட்டக் கேட்டுக்கிட்டுப் போகும்," என்றாய்.

"போற வழியில உருண்டுடுச்சே, அதப் பாத்தியா?" என்றேன்.

"அதுல நான் இல்லல்ல," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாய்.

அன்றே ஒப்புக்கொண்டேன். நீ போட்ட நிபந்தனை ஒன்றுதான், முதல் தடவை தண்ணீரில் இறங்கும்போது நானும் கூட வரவேண்டும். அதற்கும் தலையாட்டிவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. ஊருக்கே தண்ணீர்த் தொட்டி செய்கிறவனுக்கு நீச்சல் தெரியாது என்றால் சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன்.

அச்சுக்கான பலகைகளை அறுக்கும் நாள் வந்தது. நாலடிக்குக் கோடு போட்டேன். கோட்டைப் பார்த்தேன். அந்த வெள்ளரிக்காய் உருண்டது கண்முன் வந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே மூன்று அங்குலம், இந்தக் கோட்டுக்கு வெளியே மூன்று அங்குலம் தள்ளிப் புதுக்கோடு போட்டு அறுத்துவிட்டேன். இருபத்து நாலடி நீளத்தில் ஆறு அங்குலம் யாருக்குத் தெரியப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ வாரம் தவறாமல் பட்டறைக்கு வந்தாய். படகைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தாய். ஒரு தடவைகூட அளவு நாடாவைக் கையில் எடுக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

பிறகு அந்த மாலை. மேல்தளம் போடாத வெறும் படகை லாரியில் ஏற்றி உன் கடைக்குக் கொண்டுவந்தோம். தேநீர் நேரம். கடை நிறைய ஆள். உன் கடைச் சுவருக்கும் பக்கத்து இரும்புக் கடைச் சுவருக்கும் இடையே இருந்த சந்துதான் படகின் வீடு என்று நீ முடிவு செய்திருந்தாய். அதை எனக்குச் சொல்லவே இல்லை. நாலடி அகலம் என்று நீ கேட்டதற்குப் பாதிக் காரணம் அந்தச் சந்து. நாலடி படகு, பக்கத்துக்கு இரண்டு விரல் இடைவெளி. நீ அளந்து வைத்திருந்தாய்.

முன்முனை சுலபமாக நுழைந்தது. எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு போனோம். ஆறேழு அடி போனதும் நறுக்கென்று சிக்கியது. தள்ளினோம், நகரவில்லை. இழுத்தோம், வரவில்லை. சந்துக்குள் உன் சமையலறையின் பின்கதவு இருந்தது. அதன் வழியாக வெளியே வந்த ரொட்டி போடும் ஆள் படகுக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டார். உள்ளே கல்லில் ரொட்டி தீய்ந்த வாசனை. "அலமாக், ரொட்டி போச்சு," என்று அவர் அங்கிருந்தே கத்த, கடையே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது.

நீ நேராக இரும்புக் கடைக்குப் போய் ஒரு அளவு நாடாவை வாங்கி வந்தாய். சந்தை அளந்தாய். படகை அளந்தாய். திரும்பவும் படகை அளந்தாய்.

"நாலரை," என்றாய். பிறகு என்னைப் பார்த்தாய். "ஏன் மச்சான்?"

அத்தனை பேர் நடுவில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "கவுந்துடும்னு பயந்தேன். உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"எனக்கு நீச்சல் தெரியும். எங்க வாப்பா கடக்கரை ஊர்க்காரரு, அஞ்சு வயசுலயே தண்ணியில தூக்கிப் போட்டுட்டாரு. உனக்கு?"

இல்லை என்று கையை விரித்தேன். உன் வயிறு முதலில் குலுங்கியது, பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெட்டு," என்றாய்.

"என்னத்த?"

"அந்த அரை அடிய. ஓட்டைத் தொட்டியெல்லாம் வெட்டி ஒட்டுறல்ல? இதையும் வெட்டி ஒட்டு."

படகு என்ன வெள்ளரிக்காயா என்று நான் எவ்வளவோ வாதாடினேன். நீ அசையவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளியில், அடுத்த ஞாயிறு காலை, உன் வாடிக்கையாளர்கள் கோப்பையும் கையுமாகச் சுற்றி நிற்க, ஒரு புதுப் படகை நீளவாக்கில் அறுத்தேன். அடிப்பகுதியின் நடுவில் இரண்டு கோடு, இரு நுனியிலும் சேர்ந்து, நடுவில் ஆறு அங்குலம் பிரிந்து. துண்டு தனியாக வந்து விழுந்ததும் இரண்டு பாதிகளையும் லாரி பெல்ட்டால் சுற்றி நெருக்கி இழுத்தோம். நெருங்க நெருங்க, அது கண்முன்னே அழகாகிக்கொண்டு வந்தது. பொய் சொல்லவில்லை மச்சான், அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. தேவையில்லாததை எடுத்ததும் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஒரே வளைவு, எங்கேயும் தடங்கலில்லாமல் கண் வழுக்கிக்கொண்டு போனது. பெல்ட்டைப் பிடித்தபடி நான் வாயைப் பிளந்து நின்றேன். நீ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெட்டிய துண்டைக் குப்பையில் போடப் போனவனைத் தடுத்து, கழுவி, கடைக்குள் எடுத்துப் போய்க் கறித் தட்டுகளுக்கு மேலே சுவரில் மாட்டினாய். ஒன்பது வருடம், யார் கேட்டாலும் உன் பதில் ஒன்றுதான். "அது என் கூட்டாளியோட பயம். ஆறு அங்குலம்." நான் கடையில் இருந்தால் கையைக் காட்டி ஆளையும் அறிமுகப்படுத்துவாய். எத்தனை பேர் என்னிடம் வந்து கை குலுக்கியிருக்கிறார்கள்.

சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலத்துக்கு இந்தப் பக்கம், மீனவர் துறையில் முதல் தடவை இறக்கியபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர், இது படகா, கால்வாய்க்கு மூடியா என்று மலாயில் கேட்டார். நீ இரண்டும்தான் என்றாய். உயிர்காப்பு அங்கியை மூன்று தடவை இறுக்கிக்கொண்டு நான் ஏறினேன். காற்று இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத காலை. துறையின் கம்பங்கள் பின்னால் நகர்ந்ததைப் பார்த்துத்தான் நாம் போகிறோம் என்பதே எனக்குத் தெரிந்தது. பிறகு ஒரு வீச்சுக் காற்று வந்தது, படகு சாய்ந்தது, நான் மாதாவைக் கூப்பிட்டேன். நீ எழாமலேயே பிட்டத்தால் நகர்ந்து, உயர்ந்து நின்ற மேட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தாய். படகு நிமிர்ந்தது. நிமிர்ந்து ஓடியது. "பாத்தியா, அந்த வெள்ளரியில நான் இல்ல," என்றாய்.

அதன் பிறகு எத்தனை ஞாயிறுகள். குட்டைப் படகு தான் கிளப்பிய அலையின் குழிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு ஏற முடியாமல் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நம்முடையது அலையைக் கிளப்புவதே இல்லை. நம் நீரிணையில் பாதி நாள் காற்று கஞ்சத்தனம் பண்ணும். அந்தக் கஞ்சக் காற்று இதற்குப் போதும். சோபா வைத்த பெரிய படகு ஒன்று பாயைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றபோது பக்கத்தில் ஊர்ந்துபோய், பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டி, ஆற்றிய தே தாரிக் தேநீர் வேண்டுமா என்று நீ கேட்டது நினைவிருக்கிறதா? அவர்கள் வேண்டும் என்றதும் கொடுக்க நிறுத்த முடியாமல் நாம் தாண்டிப் போய்விட்டோம். திரும்பி வந்து கொடுத்தாய். தலைக்கு மேலே பாலத்தில் லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் அசையாமல் நிற்க, அடியில் நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம்.

அதில் படுக்க இடமில்லை, சமைக்க இடமில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூட முடியாது. காற்று குறைந்த நேரத்தில் நீ முன்னால், நான் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதனாலேயே கடையில் பேச முடியாததையெல்லாம் அங்கே பேசினோம். உன் மகள் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டுக் கடைக்கு வரப்போகிறாள் என்று ஊரெல்லாம் புலம்பிய நீ, என் பக்கம் திரும்பாமல், "உண்மையச் சொல்லட்டா? ரொம்ப சந்தோசமா இருக்கு மச்சான்," என்றாய். உன் கழுத்தின் பின்புறம்கூட சிரித்துக்கொண்டிருந்தது.

நீ போய் எட்டு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுதுவிட்டு வந்து கடையில் உன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனாய். படகு சந்துக்குள்ளேயே கிடந்தது. போன மாதம் மனது கேட்காமல் தனியாக எடுத்துப் போனேன். துறையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, ஒரு காற்று, அவ்வளவுதான். மீனவர்கள் என்னையும் படகையும் இழுத்து வந்தார்கள். இனி ஒருபோதும் ஏற மாட்டேனோ என்ற பயம். அகலமாக்கினால் ஏறுவேன். குண்டாக, மெதுவாக, தொட்டிபோல் மிதந்தாலும் பரவாயில்லை, படகு உயிரோடு இருக்கும். அதனால்தான் உன் சுவரிலிருந்து இந்தத் துண்டைக் கழற்றச் சொன்னேன். மன்னித்துக்கொள். நாளை அறுக்க ஆரம்பிக்கிறேன்.

*

மேலே உள்ளதை எழுதி இழுப்பறையில் போட்டு மூன்று வாரம் ஆகிறது. மிச்சத்தை இன்று எழுதுகிறேன்.

அன்று சாயங்காலமே உன் மகள் போன் செய்தாள்.

"அங்கிள், சாமான் வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா. நாளைக்கு வெட்டப் போறேன்."

"ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக்கூடாது."

"கேளு."

"படகு அகலம் பத்தாம கவுந்துச்சா, வாப்பா இல்லாம கவுந்துச்சா?"

கையில் கோடு போடும் பென்சில் இருந்தது. அதை மேசையில் வைத்தேன். ஒன்பது வருடம் அந்தப் படகில் போனவன், கப்பல் கட்டியவன்போல் பேசுகிறவன், இது எனக்குத் தோன்றவில்லை மச்சான். உன் வயிற்றைத் தட்டி முதல் நாளே சொன்னாய். நான் மறுபடியும் கோட்டுக்கு வெளியே போகப் பார்த்தேன்.

"எத்தன கிலோ இருப்பாரு உங்க வாப்பா?" என்று கேட்டேன்.

"கிளினிக் கார்டுல நூத்தி நாலு. அதுல நாலு கிலோ செருப்புன்னு சொல்வாங்க."

செருப்பைக் கழித்துவிட்டோம், நூறு கிலோ. அந்த ஞாயிறு காலை அவள் துறைக்கு வந்தாள். உன் எடைக்கு ஈடாக உன் கடை மாவுச் சாக்கு நான்கு கொண்டுவந்தாள். இரும்புக் கடைக்காரர் மணல் கொடுத்தார், ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ என்று நிறுத்துக் கட்டியிருந்தாள். "நீயும் வாயேம்மா," என்று அவளைக் கூப்பிட்டேன். "நான் அம்பத்தி ரெண்டு கிலோதான் அங்கிள், வாப்பா எடத்துக்குப் பத்தாது. இன்னொரு நாள் முன்னால உக்காந்து வரேன்," என்றாள்.

நான்கு மூட்டைகளையும் நீ உட்காரும் இடத்தில் அடுக்கினேன். உயிர்காப்பு அங்கியை மூன்று தடவை இறுக்கிக்கொண்டு ஏறினேன். கம்பங்கள் பின்னால் நகர்ந்தன. பிறகு அந்தக் காற்று வந்தது, படகு சாய்ந்தது. நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே மூட்டைகளை ஒவ்வொன்றாக மேட்டுப் பக்கம் இழுத்துப் போட்டேன். நிமிர்ந்தது மச்சான். நிமிர்ந்து ஓடியது. பாலத்தில் அன்றும் வண்டிகள் அசையாமல் நின்றன. கரையில் உன் மகள் முக்காட்டைப் பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினாள், முக்காடு பறந்தது. நான் தனியாக இருக்கிறேன் என்பதே மறந்து சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

துண்டு இப்போது என் பட்டறைச் சுவரில், தொட்டிகளுக்கு மேலே இருக்கிறது. உன் மகள் கடைச் சுவருக்குப் புதுச் சாயம் அடித்துவிட்டாள், துண்டை மனமில்லாமல்தான் கொடுத்தாள், வேண்டுமென்றால் திருப்பித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். செனாயிலிருந்து தொட்டி வாங்க வந்த ஒருவர் அது என்ன என்று கேட்டார். ஒன்பது வருடம் எனக்காக நீ சொன்ன பதிலை முதல் தடவை நானே சொன்னேன். "என் பயம். ஆறு அங்குலம்." அவர் கை குலுக்கினார்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. திரும்பும் இடத்திலெல்லாம் நான்கு மூட்டையையும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுக்கவேண்டும். நகருடா, நகருடா என்று உன்னைத் திட்டுவதுபோலவே திட்டிக்கொண்டு இழுக்கிறேன். லாரி நிற்கும் இடத்திலிருந்து படகு வரைக்கும் நீளமான நடை. ஒவ்வொரு ஞாயிறும் உன்னை நான்கு தடவையாகத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். உயிரோடு இருந்தவரை நீ சொந்தக் காலிலாவது நடந்து வந்து ஏறினாய்.